ஹீட்டரைப் போட்டதும் குதித்தவன்

என் பழைய காரின் ஹீட்டருக்குள் காற்றை அடைக்கும் ஃபோம் மக்கிவிட்டது. "மெக்கானிக் எதுக்கு? நம்ம தையல் கம்பெனியிலயே பிரா கப் ஸ்பாஞ்ச் கெடக்குது" என்று நானே வெட்டி ஒட்டினேன். "வேண்டாமுங்க" என்ற மனைவியை முறைத்தேன்.

ஊட்டி மலையில் குளிரெடுத்தது. ஹீட்டரைப் போட்டதும் முகத்தில் கரும்புகை அடித்தது. "நெருப்பு!" என்று அலறி, காரை நிறுத்திக் குதித்து ஓடினேன்.

திரும்பிப் பார்த்தால், மனைவி கறுத்த முகத்தோடு உட்கார்ந்தபடி ஹீட்டரை அணைத்துக்கொண்டிருந்தாள். அது புகையல்ல, உள்ளே உதிர்ந்து கிடந்த பழைய ஃபோம் தூள். தினமும் தையல் மெஷினில் ஏர் அடித்துப் பஞ்சை ஊதுகிறவன், இதை ஊத மறந்திருக்கிறேன்.

"நெருப்புன்னா பொண்டாட்டி ஞாபகம் வராதுங்களா?"

"ஆளக் கூட்டியாரத்தான் ஓடுனேன் கண்ணு."

"யார, காட்டெருமையவா?"

இப்போதெல்லாம் காரில் ஏறியதும் முதலில் என் சீட் பெல்ட்டைத்தான் இழுத்து மாட்டுகிறாள். அன்பு என்று நினைத்துவிடாதீர்கள்.