பாலத்தின் மேல் ஒரு நயாகரா

பிள்ளைகளா, போனில் வந்த ஏரி போட்டோவைப் பார்த்து நீங்கள் "செம்ம!" என்றதும் நான் ஏன் அப்படிக் கத்தினேன் என்று கேட்டீர்கள். சொல்கிறேன்.

போன மழையில் செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்டார்கள். அந்தத் தண்ணீர் போகும் கால்வாய் ஓரம்தான் நம் வீடு. டிவி சொல்வதை நம் தெருவில் யாரும் நம்புவதில்லை. ஏரி மதகில் எத்தனை ஷட்டர் தூக்கியிருக்கிறார்கள் என்று ஒருவர் நேரில் போய்ப் பார்த்து வந்தால்தான் சாமான்களை மேலே ஏற்றுவோம். உங்களையும் அம்மாவையும் அத்தை வீட்டில் விட்டுவிட்டு, அன்றைக்கு நான் போனேன்.

மதகுக்கு எதிரே உள்ள பாலம் முழுக்கக் கார். ஷட்டரே தெரியவில்லை, தூக்கிப் பிடித்த செல்போன்கள்தான் தெரிந்தன. கூலிங் கிளாஸ் போட்ட ஒருவன், "நயாகரா மாரியே கீது மாமே, எடு எடு" என்று நண்பனிடம் கத்திவிட்டு என் பக்கம் திரும்பினான். "அண்ணாத்தே, நவுந்துக்கோ. போட்டோல நீ வர்ற."

"நயாகரா என் ஊட்டுக்குள்ள வரப்போவுது. அங்க வந்து நில்லு, இன்னும் நல்லா வரும்" என்றேன்.

"டென்ஷன் ஆவாத நைனா" என்று சிரித்தான். அவனை அறையாமல் எப்படி வந்தேன் என்று இன்றும் தெரியவில்லை. இடித்துத் தள்ளிக்கொண்டு முன்னால் போய்ப் பார்த்தேன். எல்லா ஷட்டரும் மேலே இருந்தன.

தெருவில் சொல்லிவிட்டு வீட்டுக்குள் வந்தேன். யாருமில்லை. நாம் ஊட்டியில் எடுத்துக்கொண்ட போட்டோவைச் சுவரிலிருந்து கழற்றி, பிளாஸ்டிக் கவரில் சுற்றி, உங்கள் புத்தகப் பைகளுக்கு மேல் பரணில் வைத்தேன்.