ஸ்வாம்ப் என்பதும் என் நாலு சென்ட்டும்

பழவங்காடிப் பிள்ளையார் கோயிலுக்குப் பின்னால், வேலைக்குப் போகிற பெண்கள் தங்கும் விடுதி ஒன்றில் நான் பல வருஷம் சமையல் பார்த்தேன். நான் வைத்த குழம்பை யாரும் குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தாலும் நான் காதில் வாங்கியிருக்க மாட்டேன். தமிழை எழுத்துக் கூட்டி வாசிப்பேன். இங்கிலீஷ் எனக்கு அந்தச் சாப்பாட்டு மேசையில் பரிமாறும்போது காது வழியாக வந்ததுதான்.

அங்கே ஒரு காலேஜ் டீச்சர் இருந்தாள், மார்த்தாண்டத்துப் பக்கத்துக்காரி. பரீட்சைப் பேப்பர் கட்டோடு வந்து உட்கார்ந்து, "அக்கா, இன்னைக்கு நான் ஸ்வாம்ப்டு" என்பாள். எதிரே இருக்கிற செக்ரட்டேரியட் அம்மா, தன்னுடைய ஃபைல் ஓணத்திலிருந்து பாக்டு டவுன் என்பாள். ஒருத்தி கஞ்சி போட்ட காட்டன் சேலை, மற்றவள் கால் செருப்பில் தூசிகூடக் கிடையாது. இவர்கள் சொல்வது என்ன என்று ஒருநாள் கேட்டேன்.

டீச்சர் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள். எல்லாம் சதுப்புக்கு உள்ள பெயர். மரம் நின்றால் ஸ்வாம்ப். புல் மட்டும் நின்றால் மார்ஷ். செத்த செடி அழுகி அழுகி மெத்தை மாதிரிக் கிடந்தால் பாக். குவாக்மயர் என்று ஒன்று, மேலே பார்த்தால் தரை, கால் வைத்தால் ஆடும். வேலை கூடினாலும், வழக்கு இழுத்தாலும், மனசு சரியில்லாமல் போனாலும் வெள்ளைக்காரன் இதில் ஏதாவது ஒன்றில்தான் போய் விழுவானாம். இத்தனையும் ஒரே நாட்டில் கிடந்தால் ஜனங்கள் எப்படி நடமாடுகிறார்கள் என்று கேட்டேன். அவள் மோர் கேட்டாள்.

நான் யோசித்துப் பார்த்தேன். நம் பேச்சில் சேறு வந்தால் அநேகமாக அது அடுத்தவன் மேல் பூசுவதற்குத்தான். சேற்றில் புதைந்த யானையைக் காக்கையும் கொத்தும் என்று ஒன்று உண்டு. ஆனால் அதற்கும் யானை வேண்டும். இவர்களுக்கு ஒரு ஃபைல் போதும்.

எனக்கு இதெல்லாம் வேண்டியிருந்த காரணம், கரமனை ஆற்றுப் பக்கம் நான் வாங்கிப் போட்டிருந்த நாலு சென்ட். சதுப்பு என்பதால்தான் அது என் கைக்கு வந்தது. அதில் ஒரு வீடு கட்டி, கொத்தனார் வேலை பார்க்கிற என் மகனுக்குக் கல்யாணமும் முடிக்க வேண்டும் என்று இருந்தேன். பெண்ணும் பார்த்தாயிற்று, பூதப்பாண்டிப் பக்கம். அவனுக்குப் பெண்ணை ரொம்பப் பிடித்துவிட்டது. எங்களில் பெண் வீட்டார் வந்து மாப்பிள்ளை வீடு கண்டுவிட்டுத்தான் சரி சொல்வார்கள். வீடு இல்லை. அதனால் மனையைக் காணட்டும் என்று பேச்சு.

மகன் சொன்னான்: "மாசியில வரச்சொல்லும்மா. அப்பம் காஞ்சு பாறை மாதிரி கிடக்கும்."

"இடவப்பாதியில வரட்டும்."

"மழையிலயா? தண்ணியக் கண்டா ஓடிருவாவ."

"மாசியில மட்டுமா அவ இங்க குடியிருக்கப்போறா?"

அவன் நேரே டீச்சரிடம் போய் முறையிட்டான். டீச்சர் என்னிடம் வந்தாள். "அக்கா, இதுதான் நான் சொன்ன குவாக்மயர். நீங்களே போய்க் காலை வைக்கிறீங்க."

"காலை வச்சாத்தான டீச்சர் ஆடுதா இல்லையான்னு தெரியும்" என்றேன். மகன் அன்றைக்கு என் கையால் சாப்பிடவில்லை. டீக்கடையில் சாப்பிட்டான்.

பெண்ணின் அம்மா வந்தாள். அவள் புருஷன் இறந்தபிறகு தானே நின்று வயலும் வாழையும் பார்ப்பவள். கூட வந்த தம்பி ஆட்டோவை விட்டு இறங்கவில்லை. முந்தின நாள் முழுக்க மழை. என் நாலு சென்ட் குளமாகக் கிடந்தது. அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நேரே உள்ளே இறங்கினாள். கெண்டைக்கால் வரை போயிற்று. நடுவில் நின்று ஒரு காலை அழுத்தி அழுத்திப் பார்த்தாள்.

"அடியில உறைப்பா, கெட்டியா இருக்கு. தண்ணி எந்தப் பக்கம் போவும்?"

"கிழக்க, தோட்டுக்கு. சின்ன ஓடைதான். மழை விட்டாச்சுல்லா, மத்தியானத்துக்குள்ள வடிஞ்சிரும்" என்றேன்.

"அப்பம் இருந்து பாத்துட்டே போறேன்."

எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். வெயிலும் அடித்தது. மத்தியானம் வந்தது, போயிற்று. தண்ணீர் அப்படியே கிடந்தது, ஒரு தவளை மட்டும் இடம் மாறியது. மகன் என்னைப் பார்க்காமல் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் இரண்டாவது டீ வாங்கிக்கொண்டாள். ஏன் வடியவில்லை என்று கேட்டிருந்தால் தேவலை.

நான் எழுந்து கிழக்கு எல்லைக்குப் போய்ப் பார்த்தேன். பக்கத்து மனைக்காரர் தோட்டுக்குப் போகிற வழியை அடைத்து டிப்பரில் செம்மண் அடித்திருந்தார். ஈர மண், புதுசு. இந்த ஊரில் இது நடப்புதான். ஒருவர் மண் அடித்து உயர்வார். தண்ணீர் அடுத்தவர் மனைக்கு வரும். அவரும் மண் அடிப்பார். எல்லாரும் உயர்ந்தபிறகு தண்ணீர் ரோட்டில் நிற்கும், பஸ்ஸும் நிற்கும்.

திரும்பி வந்து உள்ளதைச் சொன்னேன். "இன்னைக்கு வடியாது. வழி அடஞ்சு கிடக்கு. நேத்துவரை வடிஞ்சது சத்தியம். நம்புறதும் நம்பாததும் உங்க இஷ்டம்."

அவள் டீ கிளாஸை வைத்துவிட்டு எழுந்தாள். ஆட்டோவுக்குத்தான் போகிறாள் என்று நினைத்தேன். மகனும் அப்படித்தான் நினைத்தான், முகம் செத்துப்போயிற்று. அவள் ஆட்டோவைத் தாண்டிப் போய்ப் பக்கத்து வீட்டு கேட்டைத் தட்டினாள். அவர் வெளியே வந்தார்.

"ஏன் சேட்டா, தண்ணி போற வழியில மண்ணத் தட்டினா அது எங்க போவும்? உங்க அடுக்களைக்கா?"

"எங்க பறம்பு, எங்க மண்ணு. அது கேக்கான் நீங்க ஆரு?"

"நான் ஆரா? எம்மவ வந்து குடியிருக்கப்போற மனை இது. அவ முற்றத்துல நெல்லு காய வைக்கவா, மீன் பிடிக்கவா?"

அதுவரை அவள் சரி என்று சொல்லவில்லை. எங்களுக்குச் சொல்வதற்கு முன்னால் அந்த மனுஷனுக்குச் சொல்லிவிட்டாள். எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான். மகன் அதற்குள் டீக்கடைக்காரரிடம் மண்வெட்டி கேட்டுக்கொண்டிருந்தான்.

மண்வெட்டியைக் கண்டதும், ஒரு சாண் அகலத்துக்கு வாய்க்கால் வெட்டிக்கொள்ளுங்கள் என்றார் பக்கத்து மனைக்காரர். முழம் இல்லாமல் முடியாது என்றாள் இவள். சம்பந்தக்காரி தனியாகப் பேசிக்கொண்டிருக்க நான் பெஞ்சில் உட்கார்ந்திருப்பது மரியாதை இல்லை. நானும் சேலையைச் செருகிக்கொண்டு இறங்கினேன்.