செருப்பைக் கழற்றச் சொன்னேன்

ஊரெங்கும் மொசைக்கைப் பெயர்த்துவிட்டு டைல்ஸ் போட்டுக்கொண்டிருந்த காலம். விருத்தாசலத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரித் தரைக்கு டைல்ஸ் பதிக்கும் வேலை எனக்குக் கிடைத்தது. நோயாளிகள் வருவதை நிறுத்தாமலே வேலையை முடிக்க வேண்டுமாம்! மழைக்காலம் வேறு. நான் ஒரு பக்கம் பதிக்கப் பதிக்க, மறுபக்கம் சேற்றுச் செருப்போடு மிதித்துப் போனார்கள். கத்திக் கத்தித் தொண்டை கட்டியதுதான் மிச்சம். மூன்றாம் நாள், வாசலிலேயே நின்று எல்லோரையும் செருப்பைக் கழற்ற வைத்தேன்.

மங்கலம்பேட்டையிலிருந்து வந்த ஒருவர் மட்டும் தயங்கினார்.

"சக்கர வியாதிக் காலுங்க. இந்தச் செருப்பைக் கழட்டவே கூடாதுன்னு டாக்டரு சொல்லியிருக்காரு."

"உங்களுக்கு மட்டும் தனிச் சட்டமா? கழட்டுங்க."

கழற்றினார்.

கொஞ்ச நேரத்தில் வெள்ளை டைல்ஸில் வரிசையாகச் சிவப்புக் கறை. "வெத்தல எச்சியத் துப்புனது யாருய்யா?" என்று கத்திக்கொண்டே பின்தொடர்ந்தேன். கறை மங்கலம்பேட்டைக்காரர் உட்கார்ந்திருந்த பெஞ்சில் போய் முடிந்தது. அவர் பாதத்தில், நான் வெட்டிப் போட்ட டைல்ஸ் சில்லு குத்தி நின்றது. அவருக்கு வலிக்கவே இல்லை. குனிந்து பார்த்தவர் பதறினார்.

"ஐயையோ, புதுத் தரையப் பாழாக்கிட்டேனே. கோச்சிக்காதீங்க."

நர்ஸ் அவரை உள்ளே அழைத்துப் போனார். நான் ஈரத்துணியால் தரையைத் துடைத்தேன். ஒரே துடைப்பில் எல்லாம் போய்விட்டது. இதற்காகத்தான் மூன்று நாளாகக் கத்திக்கொண்டிருந்தேன்.