நான் பிடித்துக் கொடுத்த கொலைகாரன்

பசங்களா, நேற்று நீங்கள் ரெண்டு பேரும் கைபேசியில் ஒரு மர்மப் படம் பார்த்துவிட்டு, எதிர்வீட்டு மாமா ஒரு மாதிரியான ஆள் என்று பேசிக்கொண்டிருந்தீர்கள். நான் கத்தினேன். கைபேசியைப் பிடுங்கினேன். எதற்கு இவ்வளவு கோபம் என்று உங்கள் அம்மாவே கேட்டாள். வாயால் சொல்ல வரவில்லை. எழுதித் தருகிறேன், படித்துக்கொள்ளுங்கள்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. கும்மிடிப்பூண்டியில் கம்பெனிகள் இருக்கும் பக்கம் ஒரு மாடிக் கட்டடத்தில் குடியிருந்தோம். எட்டுக் குடும்பம். எட்டிலும் ஷிப்டு வேலைக்குப் போகிற ஆட்கள்தான். ஒரு நாள் என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, ஒரு படத்து சிடி கொண்டுவந்து போட்டார். கட்டடத்துப் பிள்ளைகள் மொத்தமும் எங்கள் வீட்டுக்குள் அடைந்துகொண்டோம்.

படத்திலும் ஓர் அடுக்குமாடிதான். எந்நேரமும் மழை, இருட்டு. குடியிருப்பவர்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போகிறார்கள். ஒருத்தன் வீட்டை ஒருத்தன் கதவிடுக்கு வழியாக வேவு பார்க்கிறான். கடைசியில், ஜன்னலைத் திறக்காமல், யாரிடமும் அதிர்ந்து பேசாமல் இருந்தவன்தான் கொலைகாரன். நாங்கள் மூச்சுவிடாமல் பார்த்தோம்.

முடிந்ததும் மாமா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"நம்ம பில்டிங்லயுந்தான் மேல ஜன்னல்ல பேப்பர் ஒட்டிக்கினு கீறாங்க. உள்ள இன்னா நடக்குதுன்னு எவன் கண்டான்?" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். அவருக்கு அது ஒரு தமாஷ். எனக்கு அது வேலை.

மொட்டைமாடியை ஒட்டின ஒற்றை அறையில் ஓர் அக்கா இருந்தார். கல்யாணமாகி வந்து ஒரு வருஷம்தான் இருக்கும். மாசமாக இருந்தார், ஆறு மாசம். மாடியில் நாங்கள் பந்து விளையாடினால் கதவை ஒருக்களித்து, "சத்தம் போடாதீங்க கண்ணு, ஆள் தூங்குது" என்பார். அதட்டினதே கிடையாது. அதுவே எனக்குச் சந்தேகமாகப் போயிற்று. இரவு டூட்டி பார்த்த ஆள் பகலில் தூங்க ஜன்னலில் பேப்பர் ஒட்டத்தான் வேண்டும். எங்கள் வீட்டு ஜன்னலிலும் ஒட்டித்தான் இருந்தது. அது என் புத்தியில் ஏறவில்லை பாருங்கள்.

விடியற்காலை ஐந்து மணிக்குக் குழாயில் தண்ணீர் வரும். குடத்தை வைத்து இடம் பிடிக்க அம்மா என்னை உட்கார வைப்பார். அங்கிருந்தே மாடிப்படியைக் கண்காணித்தேன். பள்ளிக்கூட நோட்டில் எழுதினேன். ஐந்தரைக்கு நீலச் சட்டை போட்ட ஒருவர் இறங்கிப் போகிறார். ஆறரைக்கு அதே நீலச் சட்டையில் வேறொருவர் ஏறிப் போகிறார். சாயங்காலம் அதுவே தலைகீழ். ரெண்டு பேரையும் ஒன்றாகப் பார்த்ததே இல்லை. ஒருத்தரைக் கொன்றுவிட்டு இன்னொருத்தர் அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு திரிகிறார் என்று முடிவு கட்டினேன். செத்தவர் மறுநாளும் எப்படி வேலைக்குப் போவார் என்று யோசிக்கவில்லை.

ஐந்து நாள் எழுதினேன். கீழ்வீட்டில் இருந்த ஓனரம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் அதை இரண்டு தரம் படித்தார். ராஜா, கெட்டிக்காரன் என்று கன்னத்தைத் தட்டி, ஒரு முறுக்கும் கொடுத்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, டூட்டி முடிந்து ஏறி வந்த ஆளைப் படியிலேயே நிறுத்தினார்கள். அக்காவையும் கீழே கூப்பிட்டார்கள். குழாயடியில் கட்டடமே நின்றது. அக்காவின் வீட்டுக்காரர் மட்டும் இல்லை. அவர் ஐந்தரைக்கே வேலைக்குப் போய்விட்டார். அதைப் பார்த்துத்தான் நேரம் குறித்திருந்தார்கள். என்னை நடுவில் நிற்க வைத்து நோட்டை வாசிக்கச் சொன்னார் ஓனரம்மா. பள்ளிக்கூட விழாவில் வாசிக்கிற மாதிரி கணீரென்று வாசித்தேன்.

"கேட்டுக்கினீங்களா? ஒருத்தன் போனப்புறம்தான் இன்னொருத்தன் வர்றான்," என்றார் ஓனரம்மா.

நாலைந்து பேர் சிரித்தார்கள். கொலைகாரன் மாட்டிக்கொண்டதற்குச் சிரிக்கிறார்கள் என்று நானும் சிரித்தேன். அவர்கள் பேசினது கொலையைப் பற்றி இல்லை. ஒரு பெண்ணை நடுவில் நிறுத்தி நாக்கால் குத்துகிற பேச்சு. அந்த வார்த்தைகளை இங்கே எழுத மாட்டேன்.

அக்கா அழவில்லை. "இவன் எங்கூடப் பொறந்த தம்பிதான்க்கா. ஒரே ரூமு, ரெண்டு பேருக்கும் டூட்டி மாத்தி மாத்தி, அவ்ளோதான்," என்றார்.

"எல்லாரும் தம்பின்னுதான் சொல்லுவாங்க. இன்னிக்கே ஊட்டைக் காலி பண்ணு," என்றார் ஓனரம்மா.

"மாசமா கீறப்ப ஊடு மாறக் கூடாதுக்கா. பெத்துக்கினு நானே போயிடறேன். அதுவரைக்கும் உடுங்க."

அவர் கேட்டது அவ்வளவுதான், மூணு மாசம். நின்றவர்களில் யாருக்கு இந்த டூட்டிக் கணக்கு தெரியாது? ஒருத்தன் எழுந்த பாயில் இன்னொருத்தன் படுத்துத்தான் அந்த ஊரில் பாதிப்பேர் பிழைத்தோம். அண்ணன் தம்பி, மாமன் மச்சான், ஒரே ஊர்க்காரர்கள் என்று எத்தனை அறைகள். தெரிந்தும் அத்தனை பேரும் தெரியாத மாதிரி நின்றார்கள். நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. மத்தியானத்துக்குள் அவர்கள் சாமான்களை மூணு சக்கர மீன்பாடி வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். வேலையிலிருந்து சாயங்காலம் திரும்பி வந்த அக்காவின் வீட்டுக்காரர், பூட்டின அறையைப் பார்த்துவிட்டுத்தான் விஷயம் தெரிந்துகொண்டார்.

ஆனால் என்னால் விழுங்க முடியாதது இது இல்லை. உங்கள் தாத்தாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, அன்றைக்கு வாரலீவு. லுங்கியோடு கூட்டத்தில் நின்றார். ஊரிலிருந்து வந்த அந்தத் தம்பியைக் கம்பெனி கேட்டுக்குக் கூட்டிப்போய், இவன் இன்னாருடைய மச்சான் என்று சொல்லி வேலைக்குச் சேர்த்துவிட்டதே அப்பாதான். இதை அம்மா எனக்குச் சொன்னது, நானும் ஷிப்டு வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகு.

"இவளுக்காகப் பேசறவன் எவன்னாலும் வா, மூணாவதா உன் பேரையும் நோட்டுல எழுதிக்கலாம்," என்றார் அன்று கூட்டத்தில் நின்ற கீழ்வீட்டு ஆள் ஒருவர். மறுபடி சிரிப்பு. அப்பா ஏதோ சொல்லத் திறந்த வாயை மூடிக்கொண்டார்.

அந்தத் தம்பி யாரையும் திட்டவில்லை, ஓனரம்மாவைக்கூடப் பார்க்கவில்லை. என் அப்பாவையே பார்த்தார். கண் இமைக்காமல், வாய் லேசாகத் திறந்தபடி பார்த்துக்கொண்டே நின்றார். படத்தில் கொலைகாரன் அடுத்த ஆளை அப்படித்தான் பார்ப்பான். அடுத்தது என் அப்பாதான் என்று எனக்குத் தோன்றியது. ஓடிப்போய் அப்பாவுக்கு முன்னால் ரெண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றேன்.

அப்பா பின்னாலிருந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார். அவர் கை நடுங்கியது. அந்த ஆளுக்குப் பயந்துதான் நடுங்குகிறார் என்று நினைத்து, நான் இன்னும் அகலமாகக் கையை விரித்தேன்.