நெல்லிக்கட்டை போட்ட கிணறு

எங்கள் கிணற்றுத் தண்ணீரை என் மகளுக்குக் கொடுக்கலாமா? அது ஏன் கறுத்தது என்று கண்டுபிடித்துவிட்டேன். அப்படியும் இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

முரசுமோட்டையில் எங்கள் வீட்டு வளவுக்கும் பக்கத்து வளவுக்கும் ஒரே பங்குக் கிணறு. வேலி கிணற்றின் சுற்றுக்கட்டில் வந்து முட்டி நின்று, மறுபக்கத்தில் மீண்டும் தொடங்கும். பக்கத்து வீட்டு அக்காவின் குடும்பம் முன்னொரு காலத்தில் மலையகத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து இங்கே குடியேறியது. அவருடைய கணவர் தன் வயலுக்கும் கூப்பிடுகிறவர்களின் வயலுக்கும் மருந்தடிப்பார். முதுகில் மாட்டும் அந்த மருந்துத் தாங்கியை அவர் எங்கே கழுவுகிறார் என்று கலியாணமாகி வந்த நாளிலிருந்து கவனித்து வருகிறேன். வாய்க்காலில் கழுவக் கண்டிருக்கிறேன். கிணற்றடியில் கழுவக் கண்டதில்லை. ஆனால் ஒரு தடவை அது கிணற்றுக் கட்டில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. மறக்கவும் இல்லை.

மகளுக்குக் கொதித்தாறிய தண்ணீர் பருக்கத் தொடங்கியிருந்த நேரம். வவுனியாவில் அம்மா வீட்டில் சில நாட்கள் தங்கிவிட்டுத் திரும்பினேன். மறுநாள் காலை வாளியைத் தூக்கினால் தண்ணீர் மை கரைத்ததுபோல இருந்தது. மணந்து பார்த்தேன். வழக்கமான துரு மணம்தான். இல்லை, அதற்குள் இன்னொன்றும் இருப்பதுபோல இருந்தது.

"இஞ்சருங்கோ, கிணத்துக்கு என்ன நடந்தது?"

கணவர் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். "மழைத் தண்ணி இறங்கியிருக்கும்."

"மழை எங்கை பெய்தது?"

"அப்ப பாசி. எனக்கு வேலைக்கு நேரமாகுது. வந்து பாக்கிறன்."

சிறிது நேரத்தில் அக்கா தண்ணீர் அள்ள வந்தார். நான் வாளியைக் காட்டினேன்.

"பாத்தேன் தங்கச்சி. ரெண்டு மூணு நாள்ல தெளிஞ்சிரும்."

தெளியும் என்று இவருக்கு எப்படித் தெரியும்? அவர் போன பிறகு வேலி இடுக்கால் பார்த்தேன். அள்ளிய தண்ணீர் முழுவதையும் மிளகாய்க் கன்றுகளுக்கு ஊற்றினார். சமையலுக்கென்று ஒரு சொட்டுக்கூடக் குசினிக்குள் போகவில்லை.

அன்று கடையில் வாங்கிய போத்தல் தண்ணீரைத்தான் மகளுக்குச் சூடாக்கினேன். எனக்குக் குடத்தில் மிஞ்சியிருந்த பழைய தண்ணீரில் தேநீர். எங்கள் தண்ணீரில் இரும்பு அதிகம். பால் விடாத தேநீர் இங்கே கறுத்துப்போகும், தேசிக்காய்ப் புளி பிழிந்தால் வெளுக்கும். அன்றும் பிழிந்தேன், வெளுத்தது. அப்போதுதான் யோசனை வந்தது. கிணற்றுத் தண்ணீரை ஒரு கிளாசில் எடுத்து அதிலும் பிழிந்தேன். கறுப்பு கலைந்து, தண்ணீர் வெளிறிய மஞ்சளானது.

அப்படியென்றால் தேயிலையைப்போல துவர்ப்புள்ள ஏதோ ஒன்று கிணற்றுக்குள் விழுந்து இரும்போடு சேர்ந்திருக்கிறது. உச்சி வெயிலில் முகம் பார்க்கும் கண்ணாடியைக் கொண்டுபோய், வெளிச்சத்தைக் கிணற்றுக்குள் அடித்துத் தேடினேன்.

"என்னா தங்கச்சி, கெணத்துக்குப் பொட்டு வச்சு விடுறியா?" வேலிக்கு அப்பால் அக்கா சிரித்தார்.

"அடியிலை கட்டையள் கிடக்குது அக்கா."

"நெல்லிக்கட்டை. எங்க வீட்டுக்காரருதான் வெட்டிப் போட்டாரு. தண்ணி துருநாத்தம் அடிக்குது, புள்ளைக்கு எப்படிக் குடுக்கிறதுன்னு நீதான பொலம்புன? நெல்லி போட்டா இனிக்கும்ல."

"ஏன் ஒரு சொல்லுச் சொல்லேல்லை?"

"சொன்னா விட்டுருவியாக்கும்! படிச்ச புள்ள, ஆயிரம் கேள்வி கேப்ப. பச்சைக்கட்டை, அதான் கறுத்துருச்சு. தெளியட்டும்னுதான் நாங்களும் தூரத்துக் கொழாயில தண்ணி எடுத்துக் குடிக்கிறோம்."

நெல்லிக்கட்டை போடும் வழக்கம் எனக்கும் தெரியும். நல்ல தண்ணீரில் அது நல்லதாகவே இருக்கலாம். இரும்புத் தண்ணீரில் பச்சைக்கட்டையைப் போட்டால் மைதான் வரும். அன்று மாலை வெகு நாட்களுக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தேன். கணவரும் விடவில்லை. "எங்கடை வீட்டு ரீச்சர் இனிக் கிணத்துக்கும் சோதினை வைப்பா போல!"

அந்த நிம்மதி அடுத்த நாள் கேத்திலைக் கழுவும்வரைதான் இருந்தது.

கேத்திலின் அடியில் வெள்ளைப் படிவு. கொதிக்கும்போது தண்ணீரிலுள்ளது பிரிந்து படிவது. பிரிகை என்று பள்ளிக்கூடத்தில் இரசாயனப் பாடத்தில் படித்தோம். வாளியின் துரு, இரும்பும் ஒட்சிசனும் சேர்வது, சேர்க்கை. நீலக் கரைசலில் போட்ட ஆணியில் செம்பு படிந்தது ஒற்றை இடப்பெயர்ச்சி. இரட்டை இடப்பெயர்ச்சிக்கு எங்கள் இரசாயன ரீச்சர் அமிலத்தையும் காரத்தையும் கலந்து காட்டினா. இரண்டுமே தண்ணீர் போன்றவை, கலந்த பின்பும் தண்ணீர் போலவே இருந்தது. நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

"ஒண்டும் நடக்கேல்லை எண்டு நினைக்கிறியளோ? போத்தலைத் தொட்டுப் பாருங்கோ."

தொட்டேன். சுட்டது.

கண்ணுக்குத் தெரியாமலும் நடக்கும். என் தேசிக்காய் கறுப்புக்கு மட்டும்தான் பதில் சொன்னது. நிறமே இல்லாத ஒன்று அந்தத் தண்ணீரில் இருந்தால், அது தேசிக்காய்க்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கொதிக்க வைத்தாலும் போகும் என்று நம்ப முடியாது. நெல்லி போட்டவர் நல்ல மனிதர்தான். நல்ல மனிதர்களும் தாங்கியைக் கிணற்றடியில் கழுவக்கூடும். ஒருவேளை அன்று கழுவிய தாங்கியைத்தான் கிணற்றுக் கட்டில் காய வைத்தாரோ? எங்கே கழுவியதை?

டெங்கு நுளம்பு பார்க்க வந்த சுகாதாரப் பரிசோதகரிடம், தண்ணீரில் வயல் மருந்து இருக்கிறதா என்று பார்க்கலாமா என மெதுவாகக் கேட்டேன்.

"பாக்கலாம் தங்கச்சி. ஆனா எதைத் தேடுறது? என்ன மருந்து அடிக்கினம் எண்டு பேரைக் கேட்டு வையுங்கோ. அடுத்த முறை வரேக்கை போத்தலிலை மாதிரி எடுத்து ஆய்வுக்கு அனுப்புவம்."

பெயரைக் கேட்க வேண்டிய இடம் ஒன்றுதான்.

தண்ணீர் இப்போது தெளிந்துவிட்டது. அக்கா வீட்டில் குடிக்கிறார்கள், கணவரும் குடிக்கிறார். மகளுக்கு மட்டும் கடையிலிருந்து பிளாஸ்டிக் கானில் வடிகட்டிய தண்ணீர் வருகிறது. சீலைத் துணியால் மூடித்தான் கொண்டுவரச் சொல்கிறேன். அப்படியும் அக்கா கண்டுவிட்டார்.

"டவுன் புள்ளையோட மகளுக்கு நம்ம நெல்லித் தண்ணி ஆவாதாக்கும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அன்றிலிருந்து மகளைத் தூக்க அவர் வேலிக்கு இந்தப் பக்கம் வரவில்லை. எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதோ தெரியாது.

என் பிள்ளைக்காக நெல்லி வெட்டிப் போட்ட மனிதரிடம், "என்ன மருந்து அடிக்கிறனீங்கள், தாங்கியை எங்கை கழுவுறனீங்கள்?" என்று எந்த முகத்தோடு கேட்பது? கேட்டால் இவ்வளவு நாளும் நான் வேலி இடுக்கால் பார்த்தது தெரிந்துவிடும். கேட்காவிட்டால் மாதிரி எடுக்க வருகிறவரிடம் சொல்ல என்னிடம் ஒரு பெயர் இல்லை. பங்குக் கிணற்றில் தண்ணீர் அள்ளிப் பிள்ளை வளர்த்தவர்கள் யாராவது இதைப் படித்தால், முதல் வார்த்தையை எப்படித் தொடங்குவது என்று எனக்கு எழுதுங்கள். அதற்குப் பிறகும் அதே கப்பியில் இரண்டு வீடும் தண்ணீர் அள்ள வேண்டும்.