மூன்றாம் நாள் ஆட்டத்தில் நான் போட்ட சத்தம்

ஐம்பதுகளின் நடுவில் ஒரு வருடம், ஒரே கோப்பையின் இறுதி ஆட்டத்தை நான் மூன்று தடவை பார்த்தேன். முதல் நாள் இரண்டு பக்கமும் கோல் விழவில்லை. அந்தக் காலத்தில் அப்படி முடிந்தால் இன்னொரு நாள் வைத்து மறுபடி ஆடச் சொல்வார்கள். இரண்டாம் நாளும் ஆளுக்கொரு கோல். மூன்றாம் நாள்தான் முடிவு வந்தது. அந்த முடிவு எப்படி வந்தது என்று இத்தனை வருடம் நான் யாரிடமும் ஒழுங்காகச் சொன்னதில்லை.

ஆட்டம் நடந்தது பெங்களூரில். எங்கள் கிராமம் மாநில எல்லையில் உள்ள ஜூஜுவாடிக்குத் தெற்கே. பந்தாட்டம் பற்றி ஊரில் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது, எனக்கும்தான். நான் போனது ஓர் ஆளைப் பார்க்க. ஒரு பக்கம் பட்டாளத்து டீம், இன்னொரு பக்கம் ஒரு நூல் மில்லின் டீம். மில் டீமின் கோல்கீப்பர் எங்கள் பண்ணை ஆள். தாத்தா காலத்திலிருந்து அந்தக் குடும்பம் எங்கள் நிலத்தில் வேலை செய்தது. எனக்கும் அவனுக்கும் ஒரே வயது. அவர் என்று எழுதத்தான் வேண்டும். ஆனால் அன்று நான் அவன் என்றுதான் சொன்னேன், அதை இப்போது மாற்றினால் மீதிக் கதையும் பொய்யாகிவிடும்.

கேழ்வரகுத் தாளைப் போர் போடும்போது அவன்தான் மேலே நிற்பான். கீழிருந்து எத்தனை பேர் வீசினாலும் ஒரு கட்டு தவறாது. மழை பொய்த்த வருடம் பெங்களூருக்கு மூட்டை தூக்கப் போனான். மில்லில் யாரோ அவன் கையைப் பார்த்துக் கோல் கம்பத்துக்கு நடுவில் நிறுத்திவிட்டார்கள். வேலைக்கு ஓர் ஆள் குறைந்ததில் அப்பாவுக்கு எரிச்சல். எனக்கோ தலைகால் புரியாத பெருமை, என்னவோ நானே வளர்த்துவிட்ட மாதிரி.

முதல் நாள் ஓசூரிலிருந்து வந்த காய்கறி லாரியில் கோஸ் மூட்டை மேல் உட்கார்ந்து போனேன். மூங்கில் கட்டிய காலரி நிரம்பி, மரத்தின் மேலும் ஆட்கள். கன்னடத்தில் ஒருவன் திட்ட, தெலுங்கில் ஒருவன் பதில் சொல்ல, தமிழில் நாங்கள் கத்தினோம். விதி ஒன்றும் புரியவில்லை. ஆனால் பந்து கம்பத்தை நெருங்கும்போதெல்லாம் எழுந்து நின்றுவிட்டேன். வெறுங்காலோடு ஆடிய அவன் மண்ணில் விழுந்து விழுந்து எழுந்தான். பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத ஒரு கிழவர் என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

இரண்டாம் நாள் இன்னும் மோசம். கடைசி நிமிடங்களில் பட்டாளத்துக்குப் பெனால்டி கிடைத்தது. உதைத்தவன் கொழுத்த ஆள், பந்து குண்டு போல வந்தது. எங்கள் ஆள் இடது பக்கம் பாய்ந்து அதை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துவிட்டான். நான் அழுதேன், வெட்கப்படாமல் சொல்கிறேன். திரும்பி வரும்போது எல்லைச் சாவடியில் மதுவிலக்குப் போலீஸ்காரர் என் தொண்டை கட்டியிருந்ததைக் கேட்டுவிட்டு வாயை ஊதிக் காட்டச் சொன்னார். பந்தாட்டம் பார்த்து வந்த தொண்டை என்றால் நம்ப மாட்டேன் என்றார்.

மூன்றாம் நாள் ஆட்டத்துக்கு முன்பு மைதானத்துக்கு வெளியே அவனைப் பார்த்தேன். என்னைப் பார்த்ததும் தோளில் இருந்த துண்டு இடுப்புக்கு இறங்கியது. எப்படி இருக்கிறாய் என்று கேட்டேன். மில்லில் இன்னும் பதிலி ஆள்தான், யாராவது வராத நாளில் மட்டும் வேலை என்றான்.

"கப்பு வந்தா பர்மனென்ட் பண்றம்னு சொல்லிருக்காங்க சாமி. பண்ணிட்டா எம் பொண்டாட்டியயும் இங்க கூட்டியாந்துருவன். அப்பறம் ஊருக்கு வர வேண்டியதில்லீங்க."

கடைசி வார்த்தையைச் சொன்னபோது தலையைக் குனிந்துகொண்டான், எனக்கு எதிராக ஏதோ சொல்லிவிட்டது போல. ஜெயிப்பாய் என்று நான் சொன்னேன். மனதாரத்தான் சொன்னேன்.

அன்று அவன் கம்பத்துக்குப் பின்னாலேயே கயிற்றை ஒட்டி இடம் பிடித்தேன். அரை மணிக்குள் மில் ஒரு கோல் போட்டது, இடைவேளைக்குப் பிறகு பட்டாளம் அதைச் சமன் செய்தது. பொழுது சாய ஆரம்பித்தது. பட்டாளத்துக்கு ஒரு கார்னர். பந்து உயரத்தில் சுழன்று வந்தது, ஐந்தாறு பேர் எம்பினார்கள். எல்லோர் தலைக்கும் மேலே அவனுடைய இரண்டு கைகள் எழுந்து அதை அப்படியே பறித்தன. கூட்டம் மூச்சை இழுத்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வாயில் கையைக் குவித்து, என் பலம் முழுக்கக் கூட்டிச் சத்தம் போட்டேன். "டேஏஏய்!"

அது என்ன சத்தம் என்று சொல்ல வேண்டும். எங்கள் வீட்டு ஆண்கள் வரப்பில் நின்று பண்ணை ஆட்களைக் கூப்பிடும் சத்தம் அது. இழுத்து, கடைசியில் மேலே ஏற்றிக் கூப்பிடுவோம். கேட்டவன் கையில் இருப்பதை அங்கேயே போட்டுவிட்டு, கூப்பிட்ட பக்கம் திரும்பி, சாமி என்று பதில் கொடுக்க வேண்டும். திரும்பாமல் பதில் சொன்னால் அடி. அவன் நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து கேட்ட சத்தம். அவனைப் பாராட்ட எனக்கு வேறு சத்தம் தெரியாமல் போயிற்று.

அவன் கை விரிந்தது. பந்து கீழே விழுந்தது. அவன் கூட்டத்தின் பக்கம் திரும்பினான், உதடு அசைந்தது, சாமி என்றுதான் அசைந்தது. பட்டாளத்துக்காரன் ஒருவன் அவசரமே இல்லாமல் பந்தைக் காலால் தள்ளி உள்ளே விட்டான்.

பிறகு மில்காரர்கள் எவ்வளவோ முட்டிப் பார்த்தார்கள். நான் எதையும் பார்க்கவில்லை. ஆட்டம் முடிந்து அவன் தனியாக வெளியே வந்தான், கூட இருந்தவர்கள் யாரும் அவனோடு பேசவில்லை. நேராக என்னிடம் வந்து நின்றான்.

"கூப்டீங்களா சாமி?"

அவன் முகத்தில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்று மட்டும் இருந்தது. நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். எனக்குத் தைரியம் வரவில்லை. இல்லையே, நான் கூப்பிடவில்லையே என்றேன்.

அவன் ஒரு கையால் காதைத் தேய்த்தான். "அப்ப எனக்குத்தான் அப்பிடிக் கேட்டுருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனான்.

மில்லில் வேறு கோல்கீப்பரைச் சேர்த்துக்கொண்டார்கள். பதிலி வேலைக்கும் கூப்பிடுவது குறைந்து, நின்றே போயிற்று. அந்த வருட அறுவடைக்கு முன்பே அவன் எங்கள் நிலத்துக்கு வந்துவிட்டான். அப்பா ஒன்றும் கேட்காமல் வேலை கொடுத்தார், அதைப் பெரிய மனசு என்று ஊர் பேசியது.

ஒரு நாள் காலையில் நான் கிணற்றடியில் இருந்தபோது அவன் மனைவி வந்து தள்ளி நின்றாள். கேட்கலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"பந்தாட்டத்துல யாரும் கூப்புடாமயே சத்தம் கேட்டுச்சாம் சாமி. அதுலருந்து எங்கூட்டுக்காரரு காதுல கைய வச்சுக்கிட்டே உக்காந்துருக்காரு. கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரில காதக் காட்டுனா சரியாயிருங்களா?"

காட்டிப் பார் என்று சொன்னேன்.