நூறு பக்க அறிவு

மெல்லிய அறிமுகப் புத்தகங்களைக் கண்டாலே இப்போது எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. தத்துவத்துக்கு ஒன்று, இரசாயனவியலுக்கு ஒன்று, பிரபஞ்சம் முழுவதற்கும் ஒன்று. எல்லாம் நூறு பக்கத்துக்குள். புத்தளத்தில் ஏறினால் கொழும்பு போய்ச் சேருமுன் ஒன்றை முடித்துவிடலாம். முடித்துவிட்டு பஸ்ஸால் இறங்குகிறவனின் நடையே வேறு. நானும் அப்படித்தான் நடந்து திரிந்தேன். என் அலுமாரியில் ஒரு தட்டு முழுக்க அவைதான்.

வாப்பா மௌத்தான பிறகு உப்புப் பாத்திகளைத் தம்பி பார்த்தான். எனக்குக் கந்தோரில் எழுத்து வேலை. உப்பு விளைந்ததும் பாத்தியில் மிஞ்சி நிற்கும் தண்ணீரை வாப்பா திறந்து விட்டுவிடுவார். அதற்குப் பிறகுதான் உப்பை வாருவார்கள். ஏன் என்று அவர் சொன்னதில்லை, நாங்கள் கேட்டதுமில்லை. தனியாகச் செய்த முதல் போகத்தில் தம்பி என்னிடம் கேட்டான்.

“நானா, அந்தத் தண்ணியிலயும் உப்பு இரிக்கிதானே? ஏன் வீணா விடணும்?”

இரசாயனவியல் அறிமுகத்தைப் புரட்டினேன். கடல்நீர் ஆவியானால் உப்பு எஞ்சும் என்று ஒரு படம், ஒரு அம்புக்குறி, நாலு வரி. காரணம் தெரியாத வழக்கம் எதையும் நம்பாதே என்று தத்துவ அறிமுகம் ஏற்கெனவே எனக்குப் படித்துத் தந்திருந்தது. அந்த அத்தியாயம் ஐந்து பக்கம். அந்த ஐந்து பக்கத்தை நம்பி வாப்பாவைத் தூக்கி ஒரு பக்கம் வைத்தேன்.

“விடாதே, முழுக்கக் காயட்டும்,” என்றேன். படித்த நானா சொன்னால் சரி என்று அவனும் தண்ணீரைத் திறக்காமல் காய விட்டான்.

உப்பு காயவில்லை. குவித்து வைத்தது நல்ல வெயிலிலும் ஈரம் கசிந்துகொண்டிருந்தது. வழக்கமாக எங்கள் உப்பை வாங்கும் முதலாளி வந்து ஒரு கல்லை நாக்கில் வைத்துத் துப்பினார்.

“இதென்ன தம்பி, கசக்குது? ஒங்கட வாப்பாட பாத்தி உப்பா இது?”

வேலையாட்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தம்பி என் பக்கம் கையைக் காட்டவில்லை. “என்ட பிழைதான்,” என்றான்.

கடலின் கசப்பெல்லாம் அந்தக் கடைசித் தண்ணீரில்தான் சேர்ந்து நிற்கும் என்பதைப் பக்கத்துப் பாத்திக்காரர் அரை நிமிடத்தில் சொல்லிவிட்டார். புத்தகம் எழுதியவருக்கு இது தெரியாமலா இருக்கும்? தெரிந்துதான் எழுதாமல் விட்டிருக்கிறார். சிலதை விட்டிருக்கிறேன் என்று ஒரு வரியாவது எழுதினாரா? இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். மனிதரை ஏமாற்றுகிறார்கள், அரைகுறையை முழுசென்று விற்கிறார்கள் என்று அன்று தம்பியிடம் தொண்டை கிழியக் கத்தினேன்.

அவன் ஈர உப்பை வாரிக்கொண்டே கேட்டான்.

“புத்தகத்துல இல்லண்டா, தெரியாதுண்டு நீங்க சொல்லியிருக்கலாமே நானா?”

எனக்கு வெட்கமாக இருந்தது.

இப்போது பாத்தியில் ஏதாவது சந்தேகமென்றால் அவன் பக்கத்துப் பாத்திக்காரரிடம் போகிறான். என்னிடம் அவன் கேட்பது சாப்பிட்டீங்களா என்று மட்டும்தான்.